ராக்கம்மா முதல் ஷினோபு வரை

2002-ஆம் வருஷம் அரியலூருக்கு இரண்டு சேதிகள் வந்தன. ஒன்று, மார்ச் 31-ஆம் தேதியோடு அரியலூர் மாவட்டம் கிடையாது. 2001 ஜனவரி 1-ஆம் தேதி பிறந்த மாவட்டம் அது; பதினைந்து மாதத்தில் கலைத்துவிட்டார்கள். பழையபடி 'பெரம்பலூர் மாவட்டம்' என்று விலாசம் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். புதிதாக லெட்டர்பேடு அச்சடித்து வைத்திருந்த கடைக்காரர்கள் நொந்துபோனார்கள். இதற்காக எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னொரு சேதி லண்டனிலிருந்து வந்தது. பி.பி.சி. உலக சேவைக்கு 70 வயது நிறைகிறதாம்; அதை முன்னிட்டு உலகத்திலேயே சிறந்த பாட்டு எது என்று ஓட்டுப் போட வேண்டுமாம். இதற்கு எங்களைக் கேட்டார்கள்.

லண்டன்காரர்கள் கேட்டார்கள் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். எங்களிடம் வந்து கேட்டவர், பேருந்து நிலையத்துப் பக்கம் மாடியில் பிரவுசிங் சென்டர் நடத்திய அண்ணன். பிளைவுட் தடுப்புகள், வாசலில் செருப்புக் குவியல், போன் லைன் கிடைக்கும்வரை கீச்கீச்சென்று கத்தும் மோடம். கீழே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் சிமென்ட் ஆலைகளுக்கு வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். அந்தத் தூசி மாடிவரை ஏறி கீபோர்டு எழுத்துகளின் சந்தில் வெள்ளையாகப் படியும். அண்ணன் காலையில் கடை திறந்ததும் ஊதுபத்தி ஏற்றுவார். அடுத்த வேலை, பழைய பெயின்ட் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு கீபோர்டாகத் தட்டுவது. அவர் பி.பி.சி. தமிழோசை நேயர். சிற்றலையில் கேட்ட சேதியை எங்களுக்குச் சொல்லி, "தம்பி, தளபதி பாட்டு பட்டியல்ல இருக்கு. ராஜாவுக்கு நாமதான் போடணும். இதுக்கு நேரக் கணக்கு கிடையாது, காசு வேணாம்" என்றார். காசு வேண்டாம் என்றதும் ஓட்டுச்சாவடி நிறைந்துவிட்டது. யாகூவில் முகவரி இல்லாதவனுக்கு முகவரி திறந்து கொடுத்தார். இருந்தவனுக்கு இன்னொன்று திறந்து கொடுத்தார்.

டிசம்பரில் முடிவு வந்தது. 'ராக்கம்மா கையத் தட்டு' உலகத்தில் நான்காவது இடம். ஐந்தாவது இடத்திலும் தமிழ்ப் பாட்டு: திருமலை சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. எங்கள் ஊரில் அதைக் கேட்டவர்கள் குறைவு. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் எந்த வேகத்தில் போட்டிருக்கிறார்கள் என்று அண்ணன் மலைத்துப்போனார். முதலிடம் அயர்லாந்தின் உல்ஃப் டோன்ஸ் குழு பாடிய தேசியப் பாட்டுக்கு. இரண்டாவது 'வந்தே மாதரம்'. மூன்றாவது, சொல்லிவைத்ததுபோல, 'தில் தில் பாகிஸ்தான்'. உலகமெல்லாம் விற்றுத் தீர்ந்த ஷேரின் 'பிலீவ்' பத்தாவது. உலக மக்களின் இசை ரசனை பற்றி இந்தப் பட்டியல் ஒன்றும் சொல்லவில்லை. எந்தெந்த நாட்டுக்காரர்கள் தங்கள் ஆட்களைத் தட்டி எழுப்பிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள் என்பதை மட்டும் துல்லியமாகச் சொன்னது. அயர்லாந்துக்காரர்கள் மின்னஞ்சல் அனுப்பி அனுப்பி ஆள் திரட்டினார்களாம். எங்களுக்கு மின்னஞ்சல் வரவில்லை, அண்ணன் இருந்தார்.

எங்கள் அப்பா காலத்தில் இதற்கு அஞ்சலட்டை. இலங்கை வானொலியில் மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் பேசிய காலம். 15 காசு அட்டை ஒன்றில் பாட்டின் பெயரை ஒரு வரியில் எழுதிவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் தெருவில் உள்ள பெயரையெல்லாம் பொடி எழுத்தில் அடைப்பார். பாட்டு பிடிக்கிறதா என்று அவர்களை அப்பா கேட்டதில்லை. "உன் பேரையும் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வருவார், அவ்வளவுதான். பெயர் ரேடியோவில் வந்த அன்று அந்த வீட்டில் காபி.

இந்த வரலாற்றில் 2007 பெரிய வருஷம். அந்த ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி லிஸ்பனில் புதிய ஏழு உலக அதிசயங்களை அறிவித்தார்கள். 10 கோடி ஓட்டு விழுந்ததாகப் போட்டியை நடத்தியவர்கள் சொன்னார்கள். தாஜ்மகாலுக்காக ஏ.ஆர்.ரகுமான் 'ஒன் லவ்' என்று ஒரு பாட்டே போட்டார். போட்டியின் முந்தைய சுற்றில் 77 இடங்கள் கொண்ட பட்டியலில் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலும் இருந்தது. அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. பரவாயில்லை என்று எல்லோரும் ஆக்ராவுக்குத் தாவினோம். இதில் ஒரு வேடிக்கை. ஜெயங்கொண்டத்தைத் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டியது. 2004-லேயே யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. யாரும் ஓட்டுப் போடவில்லை, யாரும் எஸ்.எம்.எஸ். அனுப்பவில்லை. ஏழு அதிசயப் போட்டிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றும் அதே யுனெஸ்கோ சொல்லிவிட்டது. ஆனாலும் அரியலூர்ப் பையன்கள் பக்கத்துக் கோயிலைப் பார்க்காமலே ஆக்ராவுக்காக அல்லும் பகலும் உழைத்தோம்.

செப்டம்பரில் 'இந்தியன் ஐடல்' இறுதிச் சுற்று. டார்ஜிலிங்கைச் சேர்ந்த, கொல்கத்தா போலீசில் வேலை பார்த்த பிரசாந்த் தமாங் ஜெயித்தார். மொத்தம் ஏழு கோடி ஓட்டு என்றார்கள். மலையில் ரசிகர் மன்றம் வைத்து, நன்கொடை வசூலித்து, ஊர் ஊராக எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்கிறார்கள். அந்த அலையில் முன்னால் நின்ற பிமல் குருங் அடுத்த மாதமே கூர்க்கா ஜன்முக்தி மோர்ச்சா என்று கட்சி தொடங்கி, டார்ஜிலிங் அரசியலையே புரட்டிப்போட்டார். பாட்டுப் போட்டிக்கு ஆள் சேர்த்தவர் கட்சி ஆரம்பித்ததைப் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ரசிகர் மன்றத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதில் நமக்குத்தான் மூத்த அனுபவம். நவம்பர் 23-ஆம் தேதி அரியலூர் மறுபடியும் மாவட்டமானது. அதற்கும் எங்களை யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்த முறை பட்டாசு வெடித்தோம்.

அப்புறம் எனக்குப் பெரம்பலூரில் வேலை. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, கல்லூரிகள் உண்டு. கல்லூரி உள்ள ஊரில் ரீசார்ஜ் கடை இல்லாமல் இருக்குமா? பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் நண்பர் ஒருவர் அப்படி ஒரு கடை வைத்திருந்தார். சாயங்காலமானால் நான் அங்கேதான். 'சூப்பர் சிங்கர்' உச்சத்தில் இருந்த காலம் அது. ஓட்டு எஸ்.எம்.எஸ். சாதாரண எஸ்.எம்.எஸ். கணக்கில் வராது, ரேட் கட்டர் போட்டிருந்தாலும் செல்லாது, ஓர் ஓட்டுக்கு மூன்று ரூபாய்க்குக் குறையாமல் பிடித்துவிடுவார்கள். பொதுத் தேர்தல் என்றால் ஓட்டுக்குக் காசு நம் பக்கம் வரும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. இங்கே காசும் நம்முடையது, ஓட்டும் நம்முடையது. அப்படியும் கடையில் கூட்டம் குறையவில்லை. இறுதிச் சுற்று நாளில் பத்து ரூபாய் கார்டு தீர்ந்துபோய், சுரண்டிப் போட்ட வெள்ளித்தூள் கண்ணாடி மேசையில் திட்டுத்திட்டாகக் கிடக்கும்.

2012 மின்வெட்டை அனுபவித்தவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சென்னைக்கு வெளியே பாதிநாள் கரண்ட் இருக்காது. பாட்டு ஓடும் நேரத்தில் பெரம்பலூரில் டிவி இருண்டிருக்கும். திருச்சியிலோ துறையூரிலோ இருக்கும் சொந்தக்காரர் போன் போட்டு, "இவன் பாடிட்டான், அடுத்து அந்தப் பொண்ணு, நல்லாப் பாடுது, போடு" என்பார். கேட்காத பாட்டுக்கு, பார்க்காத பாடகருக்கு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஓட்டுப் போட்டோம். இன்றைக்கு நினைத்தால் ஜனநாயகம் இவ்வளவு தூய்மையாக வேறெங்கும் நடந்திருக்காது என்று தோன்றுகிறது.

செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காய வியாபாரி ஒருவர் கடைக்கு வருவார். ஓட்டுப் போடச் சொன்னால் ஒரே கேள்விதான் கேட்பார். "ஜெயிக்கிற புள்ளைக்கு என்னா தர்றாங்க?"

"வீடுங்க. சென்னையில அப்பார்ட்மென்ட்."

"அது யாரு காசு?"

நண்பர் பதில் சொல்ல மாட்டார். வெங்காயக்காரர் சிரித்துக்கொண்டே போனை நீட்டுவார்: "சரி, நீ கேட்டுட்ட. போட்டுக்க." பெருமளவு வெங்காயப் பணம் இப்படிப் பாட்டுக்குப் போயிருக்கிறது. அவர் கேட்ட கேள்வியைத் தேசிய நுகர்வோர் ஆணையமும் கேட்டிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். 2007-இல் ஓடிய 'கோன் பனேகா குரோர்பதி'யில் வீட்டிலிருந்தே எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பரிசு வெல்லும் போட்டி ஒன்று இருந்தது. ஒரு செய்திக்கு 2 ரூபாய் 40 காசு. பரிசே அந்த எஸ்.எம்.எஸ். வசூலிலிருந்துதான் போகிறது என்று வழக்கு. 2008-இல் ஆணையம் ஸ்டார் நிறுவனத்துக்கும் ஏர்டெல்லுக்கும் ஒரு கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2019-இல் உச்ச நீதிமன்றம் ஆதாரம் போதாது என்று அதை ரத்து செய்தது. வெங்காயக்காரர் எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. கேட்டவர் யார் என்று பார்த்தார், கொடுத்தார்.

எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் மொய் நோட்டு இருக்கும் மேசையை ஐந்து நிமிஷம் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரிந்துவிடும். மாப்பிள்ளை யார், பெண் யார் என்று தெரியாமலே ஐந்நூறு எழுதிவிட்டுப் போவார்கள். பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தவருக்காக எழுதுவது அது. நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்கு அது திரும்பி வரும். ரீசார்ஜ் நண்பர் கடனுக்குக் கார்டு கொடுப்பவர். அவர் கேட்டால் மூன்று ரூபாய் எம்மாத்திரம்? 2015-இல் 'சூப்பர் சிங்கர் ஜூனியர்' இறுதிச் சுற்றில் கனடாவிலிருந்து வந்த ஈழத்துச் சிறுமி ஜெசிகா இரண்டாமிடம் வந்தபோதும் அதுதான் நடந்தது. டொரண்டோவில் இருந்தவர் ஜெயங்கொண்டத்தில் இருந்தவருக்குப் போன் போட்டுக் கேட்டார். பரிசாக வந்த ஒரு கிலோ தங்கத்தை அந்தப் பெண் ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுக்கிறேன் என்றபோது, ஏதோ தங்கள் வீட்டுத் தங்கமே போவதுபோல் பெருமைப்பட்டவர்களை நான் பார்த்தேன்.

ஓட்டு போடுவதைவிட ஓட்டு கேட்பதுதான் எங்களுக்குப் பிடித்த வேலை. அதற்கு எமன் 2011-லேயே வந்துவிட்டான். விளம்பரத் தொல்லையை ஒழிக்கிறோம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், செப்டம்பர் 27 முதல் ஒரு சிம்முக்கு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ். மட்டும் என்று பூட்டுப் போட்டது. நவம்பரில் 200 ஆக்கியது. 'நம்ம தம்பிக்குப் போடுங்க' என்று ஒரே செய்தியைத் தொடர்பு எண் முழுவதற்கும் அனுப்பிக்கொண்டிருந்த பிரசாரப் பீரங்கிகள் சாயங்காலம் ஆறு மணிக்கே ஓய்ந்தன. எதற்குத்தான் இருக்கிறது இரண்டாவது சிம்?

இத்தனை செலவு, இத்தனை கட்டுப்பாடு, இத்தனை மின்வெட்டு. அப்போதெல்லாம் ஓட்டு குவிந்தது. பிறகு எல்லாம் இலவசமாயிற்று.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2017 ஜூனில் கமல்ஹாசன் தொகுத்து வழங்கிய 'பிக் பாஸ்' தமிழுக்கு வந்தது. கூகுளில் தேடினால் ஓட்டுப் பெட்டி அப்படியே திரையில் திறக்கும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 ஓட்டு! வாழ்நாளில் ஒரு ஓட்டுக்காக வெயிலில் நின்ற எங்கள் அத்தைக்கு 50 ஓட்டு கிடைத்ததும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. பாகுபாடு பார்க்காமல் எல்லோருக்கும் பிரித்துப் போட்டார். ஆனால் ஊர் அப்படி இல்லை. ஓவியா அலை. ஒரே வாரத்தில் ஒன்றரைக் கோடி ஓட்டு என்று சொன்னார்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் திமுக வாங்கியதே ஏறக்குறைய ஒரு கோடியே 36 லட்சம்தான். ஆளுக்கு ஐம்பது என்ற நுணுக்கத்தை வசதியாக மறந்துவிட்டு, ஓவியா கட்சி ஆரம்பித்தால் ஆட்சிதான் என்று டீக்கடையில் கணக்குப் போட்டார்கள். ஆகஸ்டில் ஓவியா தானாகவே வெளியேறினார். ஒன்றரைக் கோடி ஓட்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைசியில் ஆரவ் ஜெயித்தார்.

ரித்விகா, முகேன், ஆரி, ராஜு, அசீம், அர்ச்சனா, முத்துக்குமரன். அடுத்தடுத்த சீசன்களில் ஜெயித்தவர்கள். போன வருஷம் ஒரு கல்யாணத்தில், ஒரு காலத்தில் நாளைக்கு 50 ஓட்டையும் குறையாமல் குத்திய உறவினர்களிடம் இந்தப் பட்டியலைக் கேட்டுப்பார்த்தேன். ஒருவர் மூன்று பெயர் சொன்னார். அதில் ஒருவர் இரண்டாமிடம் வந்தவர். ஓட்டுப் பெட்டி கூகுளிலிருந்து ஆப்புக்குள் போய்விட்டது. ஆப்பை இறக்க வேண்டும், நம்பரைக் கொடுக்க வேண்டும், ஓ.டி.பி. வர வேண்டும். மூன்று ரூபாய் கொடுக்க யோசிக்காத ஆட்கள் ஓ.டி.பி.க்கு யோசிக்கிறார்கள். இவ்வளவுக்கும் அந்தப் பிரவுசிங் சென்டரில் நாங்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் ஓ.டி.பி. ஒன்றுமேயில்லை. 'உங்கள் ஓட்டு மதிப்புமிக்கது' என்று ஆப் தினமும் மணி அடித்துச் சொல்கிறது. எல்லோருக்கும் அதையே சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்போது என் அக்கா மகனிடம் வருவோம். பெரம்பலூரில் இன்ஜினீயரிங் படிக்கிறான். நான் கேட்டு வளர்ந்தது ராஜா; அவன் பார்த்து வளர்ந்தது சுட்டி டிவி, அப்புறம் ஹங்காமா, அப்புறம் முழுநேரமும் ஜப்பான் அனிமே. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' படம் தமிழ் பேசிக்கொண்டு வந்தபோது திருச்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, துக்க வீட்டிலிருந்து வந்தவன்போல் வந்தான். என்ன என்று கேட்டால், ஷினோபு செத்துவிட்டாளாம். வண்ணத்துப்பூச்சிக் கொண்டை ஊசி வைத்த, சிரித்த முகத்தோடு விஷக்கத்தி வீசும் சின்னப் பெண். அக்காவைக் கொன்ற பேயைப் பழிவாங்கப் போய், அதன் கையிலேயே போய்விட்டாள்.

மறுவாரம் அவனும் நண்பர்களும் அனிமே நாயகிகளில் யார் சிறந்தவள் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டி வைத்தார்கள். பெரம்பலூர், அரியலூர், துறையூர்க் கல்லூரிப் பையன்களும் பெண்களும் முந்நூறு பேருக்கு மேல் இருக்கும் குழு. லீக் சுற்று, காலிறுதி, அரையிறுதி எல்லாம் முறைப்படி. முதல் சுற்றில் நல்ல கூட்டம். சுற்றுக்குச் சுற்று கரைந்து, இறுதிப் போட்டிக்கு விழுந்த ஓட்டை எண்ண இரண்டு கை விரல் போதும். ஷினோபுவுக்கு எதிராக நின்றது 'அட்டாக் ஆன் டைட்டன்' மிகாசா. நான் அரசியல் அனுபவத்தில் சொன்னேன், "மாப்ள, செத்துப்போன வேட்பாளருக்கு அனுதாப அலை இருக்கணுமே?"

"இல்ல மாமா. பாதிப் பேர் இன்னும் படம் பார்க்கல. செத்துட்டான்னு சொன்னா ஸ்பாய்லர்னு திட்டுறாங்க."

அனுதாப அலையை அறிவிக்கவே முடியாத தேர்தலை நான் கண்டதில்லை.

அவன்தான் ஜப்பான் கதையைச் சொன்னான். இந்தப் போட்டிகளுக்கெல்லாம் தாய்வீடு அங்கே நடந்த 'சைமோ' பந்தயம். ஆண்டுதோறும் அனிமே பெண் பாத்திரங்களை மோதவிட்டு ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பது. முதல் ஆண்டு ஜெயித்தவள் 'கார்டுகேப்டர் சகுரா'. ஓட்டுப் போடுவதற்கு முதலில் ஒரு குறியீட்டு எண் வாங்க வேண்டும், காத்திருக்க வேண்டும், வேட்பாளர் பெயரைத் தட்டெழுத வேண்டும்; பலர் அதோடு ஆதரவாகப் படமும் வரைந்து போட்டார்கள். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். 2002 என்றான். எங்கள் மாவட்டம் செத்து, ராக்கம்மா நான்காவது வந்த அதே வருஷம். 2014-க்குப் பிறகு அந்தப் பந்தயம் நடக்கவில்லை. ஆள் திரட்டிக் கூவிக்கொண்டிருந்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று அவன் சொன்னான். பையன் வாக்குப்பதிவு சரிவைத் தேர்தல் ஆணையரின் கவலையோடுதான் ஆராய்ந்து வைத்திருந்தான்.

இதே ஜப்பானில் ஏ.கே.பி.48 என்கிற பாட்டுக்காரப் பெண்கள் குழுவுக்கு 2009 முதல் 2018 வரை 'பொதுத் தேர்தல்' நடந்தது. சி.டி. வாங்கினால் உள்ளே ஓட்டுச்சீட்டு இருக்கும். ஓட்டுக்காக மூட்டை மூட்டையாக வாங்கி, சீட்டை எடுத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான சி.டி.களை மலையில் கொட்டிவிட்டு மாட்டிக்கொண்டவர்கூட உண்டு. கடைசி ஆண்டில் 38 லட்சம் ஓட்டுக்கு மேல். காசு பிடுங்கிய தேர்தலில் கூட்டம் கடைசிவரை குறையவில்லை. மூன்று ரூபாய் எஸ்.எம்.எஸ். போட்ட எனக்கு அவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தகுதி இல்லை.

எங்கள் ஊரில் ஓட்டுப் போடும் ஆசையே வற்றிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை மாவட்டம் 59.06 சதவீதத்தோடு நின்றபோது அரியலூர் மாவட்டம் 82.47 சதவீதம். 2024 மக்களவைத் தேர்தலில் மத்திய சென்னை 53.96, பெரம்பலூர் தொகுதி 77.43. அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் அடங்கிய சிதம்பரம் தொகுதி 76.37. அந்தச் சிதம்பரத்தில்தான் 2019-இல் திருமாவளவன் 3,219 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்; எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு வரும் கூட்டம் அது. தேர்தல் வந்தால் வேட்பாளர் தெருவுக்கு வருவார், ஆரத்தி எடுப்பார்கள், கட்சிக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "சித்தப்பா, நீங்க போட்டா வீட்ல நாலு ஓட்டு" என்பார். காலை பதினோரு மணிவரை போகாவிட்டால் ஆள் வந்துவிடும்: "அண்ணி, இன்னும் கிளம்பலையா? வண்டி கொண்டாறவா?" திருப்பூரிலும் சென்னையிலும் இருப்பவர்களுக்கெல்லாம் போன் போகும். வாக்களிப்பது கடமை என்று கலெக்டர் ஆபீஸ் பலூன் பறக்கவிட்டதற்காக இந்தச் சதவீதம் வந்ததாக நான் நினைக்கவில்லை.

இதைத்தான் அக்கா மகனிடம் சொன்னேன். "குழுவுல படம் போட்டுட்டு உக்காந்திருந்தா எவன் வருவான்? ஒவ்வொருத்தனுக்கா போன் போட்டியா?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "போனா? ஓட்டுக்காகவா? தப்பா நினைப்பாங்க மாமா."

அவன் தலைமுறையில் முன்னறிவிப்பில்லாமல் போன் போடுவதே அத்துமீறலாம். எங்கள் தலைமுறையில் போன் போடாமல் இருந்தால்தான் வருத்தப்படுவார்கள். ஆனாலும் ஓட்டு முடிய ராத்திரிவரை நேரம் இருந்தது. பதற்றத்தில் இரண்டு பேருக்குப் போட்டான். இரண்டு பேரும் ஓட்டுப் போட்டார்கள். அதிர்ந்துபோனான். ஆனாலும் சமநிலைதான். அப்போதுதான் அவன் கண் கூடத்தில் உட்கார்ந்து, சிங்கப்பூர்ப் பேரன் அனுப்பிய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவின் மீது விழுந்தது. அம்மாவின் நம்பரைக் குழுவில் சேர்த்தான். போனை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"ஆயா, இந்த ரெண்டு பேர்ல இவளுக்குப் போடு ஆயா. இதை அமுக்கு, போதும்."

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இருவரையும் பார்த்தார். "கழுத்துல மப்ளர் சுத்தியிருக்கே, இந்தப் பொண்ணும் லட்சணமாத்தானே இருக்கு?"

"இருக்கட்டும் ஆயா. எனக்கு இவதான் ஜெயிக்கணும்."

"அந்தப் பொண்ணு பக்கத்துலேர்ந்து யாராவது வந்து கேட்டாங்களா?"

"இல்ல ஆயா."

"அப்ப உன் ஆளுக்கே போட்டுட்டாப் போச்சு."

ஷினோபு ஒரு ஓட்டில் ஜெயித்தாள். மிகாசா தரப்பு முடிவை ஏற்கவில்லை. வாக்குப்பதிவு நாளன்று வாக்காளர் பட்டியலில் புதிதாக ஒருவர் சேர்க்கப்பட்டிருக்கிறார், அவர் அனிமே பார்த்ததே கிடையாது, முகப்புப் படத்தில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் இருக்கிறாள் என்று ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றிக் குழுவில் இதுவரை விழுந்திருக்கும் மெசேஜ், விழுந்த ஓட்டைப்போல் பல மடங்கு. மறுதேர்தல் வேண்டுமா வேண்டாமா என்று அடுத்த வாரம் ஓட்டெடுப்பு வைத்திருக்கிறார்கள்.